பூ வௌவாலும் வௌவால் பூவும்

விடுப்பில் வந்தவளை அக்கா சும்மா விடுவாளா? "நீதான் உயிரினப் பூங்காவுல அதிகாரியாச்சே, சொல்லிக் குடு" என்று மகளின் வீட்டுப்பாடத்தை என் தலையில் கட்டினாள். ஒரு தாவரத்தையும் ஒரு விலங்கையும் ஒப்பிட வேண்டும்.

"எழுதிக்கோ. வௌவால் பூ ஒரு செடி. பூ கறுப்பா, றெக்கை விரிச்ச மாதிரி இருக்கும். பூ வௌவால் ஒரு பிராணி. பூவுல தேன் குடிச்சுப் பிழைக்கும்."

"ரெண்டும் ஒண்ணுதானே சித்தி? திருப்பிப் போட்டிருக்கு."

நானும் திருப்பிப் போட்டுவிட்டேனோ? நேற்று மாலை, கிளம்பும் அவசரத்தில், பராமரிப்பு அட்டைகள் இரண்டையும் நான்தான் எழுதிக் கட்டினேன். ஒன்று, இறக்கை கிழிந்து வந்த பூ வௌவாலின் கூண்டுக்கு. மற்றது, பக்கத்துத் தொட்டியில் இருந்த வௌவால் பூவுக்கு. கண்ணை மூடினால் கூண்டுக் கம்பியில் என் கையெழுத்து தெரிந்தது: 'வௌவால் பூ. பகல் பன்னிரண்டுக்கு மேலிருந்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றவும்.'

மணி பதினொன்றரை. தோட்டக்காரர் விவரமானவர்தான். ஆனால் ஊற்றிவிடுவார். அட்டையில் இல்லாத நேரத்தில் தண்ணீர் விட்டதற்காகப் போன வாரம் எல்லோர் முன்னாலும் அவரைக் காய்ச்சி எடுத்தேன். "எழுதினத மட்டும் செய்ங்க. யோசிக்கிறது என் வேலை." என்னைவிட இருபது வயது மூத்தவர், தலையாட்டிவிட்டுப் போனார்.

அவருக்குப் போன் போட்டேன்; அடித்துக்கொண்டே இருந்தது. கையில் வாளி இருந்தால் அவர் எடுக்கமாட்டார். வாடகை வண்டி பிடித்து, ஓட்டுநரை ஏழு தடவை அவசரப்படுத்தினேன்.

"பறக்கவா சொல்றீங்க?" என்றார் அவர்.

கிழிந்த இறக்கையில் ஒரு வாளி விழுந்தால் அந்தச் சின்ன உயிர் தாங்காது. கொன்றது நானாகத்தான் இருப்பேன்.

பன்னிரண்டு ஐந்துக்கு உள்ளே ஓடினேன். முதலில் செடிதான் கண்ணில் பட்டது. மண் சிந்தாமல் சாக்கு சுற்றி, தொட்டியோடு உத்தரத்தில் தலைகீழாகக் கட்டியிருந்தார். கறுப்புத் துணி வேறு போர்த்தி, கீழே சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணம். எல்லாம் வௌவாலுக்கென்று நான் எழுதியபடியே. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அவர் கூண்டின் முன்னால் நின்றிருந்தார். தரையில் வாளி, விளிம்புவரை தண்ணீர். வௌவால் ஈரமே படாமல் தொங்கியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஊத்தலையா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"செடிக்கு எழுதினபடி செஞ்சுட்டேன் மேடம். இதுக்குக் கை வரல." குரல் தாழ்ந்தது. "மன்னிச்சுடுங்க, யோசிச்சுட்டேன்."