ஷாந்தனுக்கான ஜெபம்

கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கைவைக்காதே என்பார்கள். கவிழாத கப்பலில், வேளாவேளைக்குச் சாப்பாடு போட்ட கப்பலில், றெஜினா கன்னத்தில் கைவைத்தபடிதான் வந்தாள். டெக்சஸ் பேர்லேண்டிலிருந்து அவளுடைய தமிழ்ச் சபையார் இருபத்திரண்டு பேர், பவுல் அப்போஸ்தலரின் கடல்வழியைப் பார்க்கவென்று 1999 ஜூனில் கிளம்பியிருந்தார்கள். பாவம், அப்போஸ்தலருக்கு அந்தக் கடலில் கப்பற்சேதம் வாய்த்தது. இவர்களுக்கு மூன்று நேரமும் பஃபே, தொட்டுக்கொள்ள பெட்டியில் கட்டி வந்த ஊறுகாய்.

றெஜினாவின் கவலை ஒன்றே ஒன்று: தம்பி ஷாந்தன். தொண்ணூறாம் ஆண்டு, கொழும்புக்குப் போன பஸ்ஸை வழியில் மறித்து, துவக்கு ஏந்திய ஆட்கள் அவனை இறக்கிக் கொண்டுபோனார்கள். இருக்கிறான் என்றும் தகவல் இல்லை, இல்லை என்றும் தகவல் இல்லை.

பேர்லேண்ட் வீட்டில் தினமும் மாலைக் குடும்ப ஜெபத்தில், "ஷாந்தனைக் காத்தருளும்" என்று அவள் சொல்வாள். கணவர் நேசரத்தினம் ஆமென் என்பார். அவர்கள் சபையில் இறந்தவர்களுக்காக மன்றாடும் வழக்கம் கிடையாது. இறந்துபோனவரை இத்தனை காலம் தந்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லலாம், அவ்வளவுதான். ஆகவே ஒருவருக்காக மன்றாடுகிறோம் என்றால் அவர் உயிரோடிருக்கிறார் என்று அர்த்தம். றெஜினா அந்த மன்றாட்டை உடும்புப்பிடியாகப் பிடித்திருந்தாள். தம்பிக்கு வயது ஏற ஏற ஜெபமும் வளர்ந்தது. இருபத்தைந்தில் அவனுக்கு நல்ல வேலை கேட்டாள், இருபத்தெட்டில் நல்ல பெண் கேட்டாள். இந்த வருஷம் அவனுக்கு முப்பத்தொன்று. அப்பாவைப் போல இவனுக்கும் இளவயதிலேயே சுகர் வந்துவிடக் கூடாது என்று அதையும் சேர்த்துச் சொல்லி வைத்தாள்.

மூன்றாம் நாள் கப்பல் கிரேக்க நாட்டின் கத்தகொலோன் துறைமுகத்தில் நின்றது. அங்கிருந்து பஸ்ஸில், பழைய ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த ஒலிம்பியா. பவுல் வந்து போன ஊர் அல்ல அது. ஆனாலும் பாஸ்டர், ஓட்டப்பந்தயத்தைப் பற்றி அவ்வளவு எழுதியவருக்காக அதையும் பார்த்தே ஆகவேண்டும் என்றுவிட்டார்.

ஸ்டேடியம் என்றதும் கதிரை வரிசைகளை எதிர்பார்த்தவர்களுக்கு முகம் தொங்கிப்போயிற்று. வளைந்த கல் வாசல் ஒன்று. அதைத் தாண்டினால் புல்மேடுகளுக்கு நடுவே நீளமான மண்தரை. ஓட்டம் தொடங்கும் இடத்தில், கால்விரல் பதித்து நிற்கக் கோடு வெட்டிய கற்கள் மட்டும் மிச்சமிருந்தன. றெஜினாவுக்கு மட்டும் அது பிடித்துப்போயிற்று. ஷாந்தன் கல்லூரியில் எண்ணூறு மீட்டர் ஓடியவன். இந்தக் கல்லைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு ஓட்டம் ஓடாமல் விடமாட்டான் என்று நினைத்து, கப்பலேறியபின் முதல்முறையாகச் சிரித்தாள்.

பாஸ்டர் நாகர்கோவில்காரர். எல்லாரையும் வட்டமாக நிறுத்தினார்.

"இங்க ஜெயிச்சவனுக்கு ஒலிவ இலையிலதான் கிரீடம். ஒரு வாரத்துல வாடிப்போயிடும். வாடாத கிரீடத்துக்கு ஓடி முடிச்சவங்க நம்ம குடும்பங்கள்ல இருக்காங்க. ஒவ்வொருத்தரா ஒரு பேரைச் சொல்லி ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்க."

ஒருவர் அம்மாவைச் சொன்னார், ஒருவர் மாமனாரைச் சொன்னார். நேசரத்தினத்தின் முறை வந்தது. தன் தகப்பனைத்தான் சொல்லப்போகிறார் என்று றெஜினா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஷாந்தனுக்காக நன்றி செலுத்துகிறோம், ஆண்டவரே."

வட்டம் முழுக்க ஆமென் சொன்னது. றெஜினாவின் வாய் திறக்கவில்லை. பொய் பேசத் தெரிந்த மனுஷன்தான் அவர். ஆனால் ஆண்டவருக்கு முன்னால், வாய்விட்டு, நன்றி என்ற அந்த ஒரு சொல்லை அவர் மாற்றிச் சொல்லமாட்டார்.

ஜெபம் முடிந்து மற்றவர்கள் படம் எடுக்க ஓடினார்கள். அவள் அவருடைய கையைப் பிடித்துப் புல்மேட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு என்ன தெரியும்?"

"றெஜி, முதல்ல இரும்."

"நன்றி எண்டு சொன்னனீங்கள். என்ன தெரியும், சொல்லுங்கோ."

அவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "ஏப்ரல்ல கனடாவில இருந்து ஒருத்தர் என்ர ஆபீசுக்குப் போன் எடுத்தவர். ஷாந்தனோட ஒரே அறையில அடைபட்டு இருந்தவராம். கண்ணால கண்டவராம்."

"ஏப்ரலோ! ரெண்டு மாசமா என்ர ஜெபத்துக்கு ஆமென் சொன்னனீங்களே அப்பா!"

"உமக்குப் பிரஷர். ட்ரிப் முடிஞ்சு போய்ச் சொல்லுவம் எண்டு இருந்தனான். ஆமென் சொல்லாட்டி நீர் கண்டுபிடிச்சிருப்பீர். இண்டைக்கு அப்பான்ர பேரைத்தான் சொல்ல நினைச்சனான், றெஜி. வாய் கேக்கேல்ல."

அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அந்த இரண்டு மாதமும் அவர் இரவுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்ததும் ஞாபகத்துக்கு வந்தது. தூக்கிய கை அவருடைய தோளில் போய் விழுந்தது.

"எப்பவாம்?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எப்ப எண்டு கேக்கிறன். போன வருஷமோ? அதுக்கு முதலோ?"

"பிடிச்ச அந்தக் கிழமையே."

கீழே சபையார் கல்லில் கால் வைத்து வரிசையாக நின்றார்கள். பாஸ்டர் விசிலடித்தார், ஆண்டிமாரும் அங்கிள்மாரும் சேலையையும் தொப்பியையும் பிடித்துக்கொண்டு, விழுந்து விழுந்து சிரித்தபடி ஓடினார்கள். றெஜினா விரல்விட்டு எண்ணினாள். ஒன்பது வருஷம். அவள் வேலை கேட்டாள், பெண் கேட்டாள், சுகர் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த ஆண்டவர் ஒரு நாளாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"அப்ப அவனுக்கு இருபத்திரண்டு வயசுதானே அப்பா," என்றாள். "சின்னப் பொடியனெல்லோ."