ஒரு மணி நேரம் முன்னால் வரும் கடல்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஆகஸ்ட் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் எதிர்வீட்டு யுவோன் என் சமையலறைக்கு வந்து, தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்து, ஒரு கணக்கை மேசைமேல் போட்டார்.

"டீச்சர், நான் தனியா மட்டி தோண்டப் போனா கடல் சொன்ன நேரத்துக்கு வத்துது, சொன்ன நேரத்துக்கு ஏறுது. விருந்தாளிங்கள வண்டியில ஏத்திக்கிட்டுப் போனா மட்டும் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துடுது. ஏன்?"

"எத்தனை தடவை?"

"கடல் நேரம் பாத்துப் போற பயணம் இந்த வருஷம் மூணு. மூணுலயும் இப்படித்தான்."

செயின்ட் மேரி விரிகுடாக் கரையில் முப்பத்தொரு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். நிலவு ஏன் கடலை இழுக்கிறது என்பதை ஒரு வாளித் தண்ணீரையும் ஒரு ஆரஞ்சுப் பழத்தையும் வைத்து விளக்கிவிடுவேன். ஆனால் ஆளைப் பார்த்து நேரத்தை மாற்றும் கடலுக்கு என்னிடம் பழம் இல்லை.

"பதில் தெரியலேன்னா கதையா எழுதுங்க" என்றார் யுவோன். "எழுத உக்காந்தாதான் உங்களுக்கு மூளை ஓடும்னு எங்க வீட்டு அதெலீன் சொல்றா. ஆனா என்னை முட்டாளாக் காட்டக் கூடாது. சனிக்கிழமைக்குள்ள முடிக்கணும்."

"சனிக்கிழமை என்ன?"

"நொர்மான் வந்து வண்டிய எடுத்துக்கிட்டுப் போறான்."

அப்போதுதான் தொப்பியைக் கழற்றினார். அவருடைய அப்பா செலஸ்தேன் தன் கடைசி மூன்று வருடங்களில், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, விடிந்துவிட்டது என்று ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு படகுத்துறைக்கு நடப்பார். ஊரே சிரித்தது, பிறகு ஒருநாள் சிரிப்பதை நிறுத்தியது. யுவோனுக்கு இப்போது அறுபத்து நான்கு வயது. கடல் சரியாக இருக்கிறது என்றால், பிசகியது அவர் தலை. அவர் என்னிடம் கேட்ட கேள்வி உண்மையில் அதுதான்.

2

தொடக்கங்கள்.

முதல் வரைவு: "கடல் அன்று நீலப் பட்டு போல—" நிறுத்திவிட்டேன். எங்கள் கடல் நீலமும் இல்லை, பட்டும் இல்லை. பெரும்பாலான நாட்களில் அது பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறம்.

இரண்டாம் வரைவு கடலே பேசுவது போல: "நான் யாருக்கும் காத்திருப்பதில்லை. யுவோனுக்கு மட்டும்—" இதை அதெலீனிடம் படிக்கக் கொடுத்தேன். (அவர் யுவோனின் மனைவி. விவரங்கள் சரியா என்று பார்ப்பதற்காகத் தினமும் மாலையில் தாள்களைக் கொடுத்துவிட்டு வருகிறேன். மறுநாள் ஓரத்தில் பென்சில் குறிப்புகளோடு திரும்பி வரும்.) குறிப்பு இது: "கடல் பேசினால் முதலில் நொர்மானைப் பற்றித்தான் புகார் சொல்லும்."

மூன்றாம் வரைவைத்தான் நீங்கள் மேலே படித்தீர்கள்.

3

வெளியூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டும் யுவோனின் தொழில் எளிது. ஒரு வண்டி, ஒரு ஓட்டுநர், ஒரே ஒரு குடும்பம், ஒரு முழு நாள். தேவாலயம், பழைய கல்லறைத் தோட்டம், கலங்கரை விளக்கம், துறையில் தரைதட்டி நிற்கும் படகுகள், கடைசியாக வெள்ளாட்டுத் தீவு. கரைக்கும் தீவுக்கும் நடுவில் ஒரு சரளைப் பாதை உண்டு. கடல் முழுவதும் வற்றும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு அது வெளியே தெரியும். வற்றிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து மறைந்துவிடும். ஆக நான்கு மணி நேரம். அதற்குள் போய், சாப்பிட்டு, திரும்பிவிட வேண்டும்.

இந்த நான்கு மணி நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே இதன்மேல்தான் நிற்கிறது.

போன வருடம் வரை யுவோன் கடல் நேர அட்டவணையைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். இந்த வருடம் கண் அறுவைக்குப் பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். சக்கரம் அவருக்கு, காகிதம் அதெலீனுக்கு. ஒவ்வொரு பயணத்துக்கும் அதெலீன் ஒரு அட்டை எழுதிக் கொடுப்பார். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்று எல்லாம் அதில் இருக்கும்.

ஜூன் மாதப் பயணத்தில், படகுகள் சேற்றில் உட்கார்ந்திருக்கும் அழகைப் பார்க்க வந்தவர்கள் அவை மிதப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஜூலையில், கால் நனையாமல் பார்க்க வேண்டிய பாறைக் குகையை முட்டி நனையப் பார்த்தார்கள். துறையில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்குச் சிங்க இறால் பருவம் முடிந்து வேறு வேலை இல்லை.

"செலஸ்தேன் மகன் யுவோன் வர்றான்! கடல ஏறச் சொல்லுங்கடா!" (எங்கள் ஊரில் நான்கு யுவோன்கள் இருப்பதால் அப்பன் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவோம். அன்றைக்கு அந்த அப்பன் பெயர் யுவோனுக்கு வேறு மாதிரி கேட்டிருக்கும்.)

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வண்டிய உனக்கே குடுத்துடறேன், நொர்மான்" என்று அவர் துறையில் வைத்தே சொல்லிவிட்டார். நொர்மான் அவருடைய சித்தப்பா மகன். அவனிடம் எதையும் விளையாட்டாகச் சொல்லக் கூடாது.

4

இங்கே எனக்கு ஒரு பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. ஆகஸ்ட் பயணத்துக்கு வந்தவர்கள் லூசியானாவிலிருந்து இரண்டு சகோதரிகள், வெர்னாவும் எர்லினும். இருவருக்கும் எழுபதுக்கு மேல். 1755இல் ஆங்கிலேயர்கள் பிரெஞ்சு பேசும் எங்கள் சனங்களைக் கப்பலேற்றித் திசைக்கொன்றாக அனுப்பினார்களே, அதில் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தவர்களின் வம்சம். எங்களில் சில குடும்பங்கள் அந்தக் குளிர்காலத்தை வெள்ளாட்டுத் தீவில் மட்டி தின்று கழித்தன என்பது ஊரில் சொல்லிவரும் பேச்சு. அதைப் பார்க்கத்தான் வந்தார்கள்.

கதைச் சிக்கனத்துக்காக இரண்டு பேரை ஒருவராக்கலாம் என்று நினைத்தேன். ஆக்கியும் பார்த்தேன். அந்த ஒற்றைப் பெண்மணி தீவில் உட்கார்ந்து தன்னோடு தானே சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஆகவே மறுபடியும் பிரித்துவிட்டேன்.

அதெலீனின் அட்டை, கடல் முழுவதும் வற்றுவது மதியம் 1:20 என்றது. அப்படியானால் 3:20 வரை பாதை இருக்கும். 11:45க்குக் காலணி நனையாமல் தீவுக்கு நடந்தார்கள். யுவோன் ராப்பூர் தட்டைத் திறந்தார். துருவிய உருளைக்கிழங்கும் கோழியும் சேர்ந்து நடுங்கும் அந்தப் பதார்த்தத்தின்மேல் நாங்கள் கரும்புப்பாகு ஊற்றுவோம். எர்லின் கைப்பையிலிருந்து ஒரு மிளகாய்ச் சாறு பாட்டிலை எடுத்தார்.

"ஏய், வந்த வீட்டுல மானத்த வாங்காத" என்றார் வெர்னா.

"எரநூத்தம்பது வருஷமா காரத்துல வளந்த நாக்குடி. மிஸ்டர் யுவோன், தப்பா நினைச்சுக்காதீங்க. இது நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆடுது."

"ஆடணும்மா. ஆடலேன்னாதான் கோளாறு."

2:25க்கு யுவோன் பாதையைத் திரும்பிப் பார்த்தார். பாதை இல்லை. இருந்த இடத்தில் தண்ணீர், யாரையும் பார்க்காத மாதிரி போய்க்கொண்டிருந்தது.

"மிஸ்டர் யுவோன், நாம வந்த வழி எங்க?"

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கணுமே" என்றார் அவர். கடிகாரத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். (இந்த உள்ளங்கை நான் சேர்த்ததல்ல. வெர்னா தொலைபேசியில் சொன்னது. "அந்த மனுஷன் முகத்துல அப்ப ரத்தமே இல்லம்மா. நாங்க பயப்படல. அவருதான் பயந்தாரு, கடலுக்கு இல்ல, வேற எதுக்கோ.")

நொர்மான் தன் சிறு படகில் வந்து மூவரையும் ஏற்றிக்கொண்டான். வரும் வழியெல்லாம் வாய் ஓயவில்லை.

"கடலுக்கு ஒரு கடிகாரம் வாங்கிக் கட்டிவிடலாமா, யுவோன்? இல்ல, நம்ம பெரியப்பாவோட பூட்ஸ் உனக்குச் சரியா இருக்கான்னு பாக்கறியா?"

 பதில் சொன்னது எர்லின்தான்: "தம்பி, உங்க முன்னோருங்க இங்க ஒரு குளிர்காலம் மாட்டிக்கிட்டாங்க. நாங்க ஒரு மணி நேரங்கூட மாட்டல. உன்னாலதான் கெட்டுச்சு."

[அதெலீனின் பென்சில்: "நொர்மான் பூட்ஸைப் பற்றிச் சொன்னது எனக்குத் தெரியாது. சனிக்கிழமை அவனுக்குக் காப்பி கிடையாது."]

5

புதன்கிழமை வரை நான் நிலவில் இருந்தேன். காற்றழுத்தம் பார்த்தேன், காற்றின் திசை பார்த்தேன், விரிகுடாவின் வாய் அகலத்தை அளந்தேன். எதுவும் ஒருவருக்கு மட்டும், அதுவும் வேலை நாளில் மட்டும், ஒரு மணி நேரம் என்று கச்சிதமாகப் பிசகாது.

வியாழக்கிழமை நான்காம் பகுதியை எழுதும்போது, கதையில் ஒரு எண் தவறாக இருக்கக் கூடாதே என்ற பழைய வாத்தியார் பழக்கத்தில், என் மேசை இழுப்பறையிலிருந்து அச்சு அட்டவணையை எடுத்தேன். அந்தத் தேதிக்குக் கடல் வற்றும் நேரம் 11:20 என்று இருந்தது.

இதில் அதிசயம் இல்லை. மார்ச்சில் நாங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவோம், நவம்பரில் பின்னால் இழுப்போம். அட்டவணை அச்சடிப்பவர்கள் இந்த விளையாட்டில் சேர்வதில்லை. கோடையில் நாமாக ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். பால் குடிக்கும் குழந்தையைத் தவிர இக்கரையில் எல்லோருக்கும் இது தெரியும். ஆகவே 12:20. ஆனால் அட்டையில்—

பேனாவை வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தேன். அதெலீன் சமையலறையில் இருந்தார்.

"அதெலீன், அட்டையில நேரத்த எங்கருந்து பாத்து எழுதறே?"

"ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கே, அவர் எழுதின பட்டியல். அதப் பாத்துத்தான். அப்புறம் ஒரு மணி நேரம் கூட்டுவேன். கோடை நேரம் இல்லையா?"

யுவோன் கொல்லையில் மட்டி தோண்டும் முட்கருவியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"யுவோன், அந்தப் பட்டியல எப்ப எழுதுனீங்க?"

"மார்ச்சுல. கடிகாரத்தத் தள்ளி வச்ச வாரம். பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டு, அச்சு அட்டவணையப் பாத்து, பெரிய பெரிய எழுத்துல. அப்பவே ஒரு மணி நேரம் கூட்டிட்டேனே. கோடை நேரம் இல்லையா?"

மட்டிக்குப் போகும்போது அவர் பார்ப்பது அந்தப் பட்டியலை. பயணத்துக்குப் போகும்போது பார்ப்பது அட்டையை. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்ப்பது அந்த வீட்டில் மரியாதைக் குறைவு. வெளியூர்க்காரர் ஒரு மணி நேரம் கூட்ட மறப்பார். இரண்டு முறை கூட்டுவதற்கு எங்கள் ஊர்க்காரராக இருக்க வேண்டும்.

நான் இருவரிடமும் எதுவும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். கதைக்கு முடிவு வேண்டுமே என்ற பேராசை. இதற்காக அதெலீன் என்னை இன்னும் மன்னிக்கவில்லை. (பென்சில்: "இரண்டு நாள்! அந்த மனிதர் இரண்டு நாள் சாப்பிடவில்லை!")

6

முடிவுகள்.

முதல் முடிவில் குற்றம் யுவோனுடையது. பட்டியலின் தலையில் கூட்டிவிட்டதாக அவர் எழுதவில்லை. இப்படி முடித்தால் அவரை முட்டாளாக்க மாட்டேன் என்ற வாக்கு போய்விடும்.

இரண்டாம் முடிவில் குற்றம் அதெலீனுடையது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்படி முடித்தால் எனக்கு இந்தத் தெருவில் ராப்பூர் கிடைக்காது.

மூன்றாவதில் இருவரும் துறையில் கைகோத்து நின்று சூரியன்— இல்லை. அவர்கள் அப்படி நிற்பவர்கள் அல்ல.

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். சனிக்கிழமை காலை நான் போனபோது நொர்மான் அளவு நாடாவோடு வண்டிக்குள் மண்டியிட்டிருந்தான். இறால் கூண்டு எத்தனை அடுக்கலாம் என்று அளந்துகொண்டிருந்தான். காப்பி இல்லை. மேசையில் சாவி இருந்தது. நான் ஒரு தாளில் மூன்று எண்களை வரிசையாக எழுதி யுவோன் முன்னால் வைத்தேன்: 11:20, 12:20, 1:20. முதலாவது அச்சடித்தவர்கள் போட்டது, இரண்டாவது நீங்கள், மூன்றாவது அதெலீன் என்றேன்.

அவர் மூன்று எண்களையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப என் தலை?"

"நல்லா இருக்கு. கூட்டல் சரி."

"என் கூட்டல்?" என்றார் அதெலீன்.

"அதுவும் சரி. ரெண்டு தடவை சரியாப் போச்சு. அதுதான் தப்பு."

யுவோன் எழுந்து வெளியே போய், வண்டிக் கதவு வரை நீண்டிருந்த அளவு நாடாவின் முனையைப் பிடித்தார். "நொர்மான், இறங்கு" என்றார்.

"பன்னெண்டு கூண்டு அடுக்கலாம் போலிருக்கே, அண்ணே!"

"எங்கப்பாவோட பூட்ஸ் இன்னும் கொட்டகையிலதான் இருக்கு. எடுத்துட்டுப் போ. உனக்கு அளவு சரியா இருக்கும்."

அவர் நாடாவின் மறுமுனையை விட்டார். அது சடசடவென்று நொர்மான் கைக்குள் போய்ச் சுருண்டது.

7

இனி உள்ளே வந்தபோது யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டார்கள் என்பது பாக்கி. அதை நான் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரியும், ஆனால் நான் எதிர்வீட்டில் குடியிருக்கிறேன். உங்கள் வீட்டில் யார் முதலில் கேட்பார்களோ அவர் பெயரைப் போட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

கணக்கின் விடையை மட்டும் நான் தர வேண்டும், யுவோன் என்னிடம் கேட்டது அதைத்தான். ஃப்ரிட்ஜ் கதவில் இப்போது ஒட்டியிருக்கிறது. ஒரு மணி நேரத்தை யார் வேண்டுமானாலும் கூட்டலாம். கூட்டியவர் தாளின் தலையில் சிவப்பு மையில் 'கூட்டியாச்சு' என்று எழுத வேண்டும். அந்தச் சொல் இருக்கும் தாளில் வேறு யாரும் கூட்டக் கூடாது.