இணை ஆய்வாளர்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் ஆதிமூலத்தின் ரப்பர் பட்டறை இருந்தது. மில்லில் இருபத்திரண்டு வருடம் ஃபிட்டராக வேலை பார்த்துவிட்டு, ஆட்குறைப்பில் வெளியே வந்தபோது கிடைத்த தொகையில் போட்ட பட்டறை. ரப்பரை அச்சில் வைத்து அழுத்திச் சுடும் பிரஸ் இரண்டு, ரப்பர்க் கலவையை அரைக்கும் மிஷின் ஒன்று. ஆதிமூலமும் அவர் மனைவி வசந்தாவும் வேலை செய்தார்கள். வாஷர்களின் ஓரப் பிசிறை வெட்ட ஆயம்மா வந்தாள். அந்தத் தொகையோடு இருமலையும் மில் அவருக்குக் கொடுத்து அனுப்பியிருந்தது. பஞ்சுத்தூசி நெஞ்சில் படிந்துவிட்டது, இனி இறக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இரண்டாயிரத்து நான்காம் வருடம், கோடையில், ரெட்டியார்பாளையத்து அருள்முருகன் லீவில் வந்தவன் பட்டறைக்கு வந்தான். ராணுவத்தில், வடக்கே பனிமலை முகாமில் இருப்பவன். சட்டைப் பையிலிருந்து மூன்று துண்டாக உடைந்த ஒரு வாஷரை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"மேல மைனஸ் முப்பதுக்கும் கீழ போயிடும்ணே. பம்ப் ஸ்டவ்வுல இது பிஸ்கட் மாதிரி உடையுது. ஸ்டவ் இல்லன்னா குடிக்கத் தண்ணி இல்ல, ஐஸைத்தான உருக்கிக் குடிக்கணும். போன வருசம் ரெண்டு நாளு ஸ்டவ் எரியல. கூட இருந்தவனுக்குக் கால் விரலு மூணு போயிடுச்சி."

ஆதிமூலம் அந்தத் துண்டுகளை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மார்கழி மாதத்துப் பனிக்கு மேல் ஒரு குளிரை அவர் கண்டதில்லை.

"நீ லீவு முடிஞ்சு போ. நான் பாக்கறேன்" என்றார்.

அன்றிலிருந்து கலவையை மாற்றி மாற்றி வாஷர் சுட்டுப் பார்க்கத் தொடங்கினார். ஆனால் சோதித்துப் பார்க்க அவ்வளவு குளிருக்குப் புதுச்சேரியில் எங்கே போவது? ஐஸ் கம்பெனிக் குளிர் போதவில்லை. கடைசியில், பிள்ளைச்சாவடி தாண்டி மீனை உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டுப் போனார். அங்கே ஒரு அறை மைனஸ் நாற்பது வரை போகும். சூப்பர்வைசர் சுப்பிரமணியனின் கையைக் காலைப் பிடித்து, சரக்கு இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அதைப் பயன்படுத்த அனுமதி வாங்கினார்.

முதல் ஞாயிறு, அருள்முருகன் விட்டுப்போன பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனவர் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்து விழுந்தார். மூச்சு வரவில்லை. உதடு நீலமாகிவிட்டது. கூடப் போயிருந்த வசந்தா அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகைத் தேய்த்துவிட்டாள். மூச்சு சீரானதும் அவர் மறுபடி கதவைப் பார்த்தார்.

"இன்னாத்துக்குப் பாக்கறீங்க? இனிமே நீங்க உள்ள போவக்கூடாது" என்றாள் வசந்தா. "அந்தக் கோட்டக் கொடுங்க. இன்னா செய்யணும்னு சொல்லுங்க, நான் செய்யறேன்."

அப்படித்தான் அது தொடங்கியது. அதே கோட்டைப் போட்டுக்கொண்டு, தலைக்குக் குரங்குக்குல்லா, கைக்கு இரண்டு ஜோடி காலுறை மாட்டிக்கொண்டு அவள் உள்ளே போவாள். ஸ்டவ்வின் டாங்கியில் காற்றழுத்தத்தைக் காட்டும் மீட்டர் ஒன்றை ஆதிமூலம் பொருத்தியிருந்தார். அவள் பம்ப் அடிக்க வேண்டும், முள் எவ்வளவு நேரம் இறங்காமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும், வாஷரைக் கழற்றி விரிசல் தேட வேண்டும். முதலில் அவர் சொன்னபடி செய்தாள். ஐந்தாறு மாதத்தில் அவளே சொல்ல ஆரம்பித்தாள்.

"ஓரத்துல விரியலங்க. நடுவுல மடியற எடத்துலதான் விரியுது. அங்க கொஞ்சம் கனம் கொறைச்சிப் பாருங்க."

அவர் கனத்தைக் குறைத்தார். அவள் சொன்னது சரியாக இருந்தது. அதன்பிறகு அச்சைத் திருத்தும்போதெல்லாம் அவளைக் கூப்பிட்டுக் காட்டாமல் அவர் கைவைக்கவில்லை. பத்தாவதில் கணக்கில் தவறிப்போய், பாகூர்ப் பக்கம் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் இப்படி இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பேசிக்கொண்டே சோறு தின்றது அந்த நாட்களில்தான்.

இருபத்தேழாவது கலவை விரிசல் விடாமல் தாக்குப்பிடித்தது. லீவில் வந்த அருள்முருகன் இருபது வாஷர் எடுத்துப்போனான். அடுத்த பங்குனியில் அவனிடமிருந்து கடிதம் வந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஒன்றுகூட உடையவில்லை, மற்ற முகாம்காரர்கள் வந்து கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தான்.

சாதாரண வாஷர் விற்று வரும் வருமானத்தில் இதைப் பெரிய அளவில் செய்ய முடியாது. சரியான அச்சு வேண்டும், ஆய்வுக்கூடச் சான்று வேண்டும். அந்தச் சமயத்தில்தான் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. படைவீரர்களுக்குப் பயன்படும் ஆராய்ச்சிக்குச் சிறு தொழிற்கூடங்களும் நிதி கேட்டு மனுப் போடலாம் என்று டெல்லியிலிருந்து ஒரு துறை அறிவித்திருந்தது.

மனு முப்பத்தாறு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். காலேஜில் படித்துக்கொண்டிருந்த மகள் செந்தமிழ்ச்செல்வி, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து டைப் அடித்தாள். இரண்டு பேரும் அவளுக்கு இரண்டு பக்கமும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"முதன்மை ஆய்வாளர் பேரு கேக்குதுப்பா."

"ஆதிமூலம்னு போடு. படிப்பு, மெக்கானிக்கல் டிப்ளமோ."

"அடுத்தது இணை ஆய்வாளர்."

"அம்மா பேரைப் போடு."

வசந்தா திடுக்கிட்டாள். "படிப்புன்னு கேட்டிருக்குமே, அங்க இன்னா எழுதுவீங்க? பத்தாவது ஃபெயிலுன்னா? டெல்லிக்காரங்க சிரிப்பாங்க. என்னால உங்க மனுவும் போயிடும்."

"சோதனை பூரா நீதான செஞ்ச? இருக்கறத எழுதறதுல இன்னா இருக்குது?"

"வேணாங்க. சொன்னாக் கேளுங்க."

செல்வி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வசந்தா கண்ணாலேயே கெஞ்சினாள். மகள் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று அடித்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது ஆதிமூலம், "நீ செஞ்சது தப்பு வசந்தா" என்றார்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. மனு முதல் சுற்றில் தேறிவிட்டது, சென்னையில் குழுவின் முன் வந்து விளக்க வேண்டும் என்று தேதி கொடுத்திருந்தார்கள். அப்போது ஆதிமூலம் அரசு மருத்துவமனையில் இருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். கடிதத்தைச் செல்வி படித்துக்காட்டியதும் அவர் சிரித்தார். குழாயை விலக்கிவிட்டு, "அதுக்குள்ள எழுந்துடுவேன்" என்றார்.

எழவில்லை. சென்னைக்குப் போக வேண்டிய தேதிக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை விடியலில், வசந்தா காப்பி வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில் அவர் உயிர் போயிற்று.

கருமாதி முடிந்த மூன்றாம் நாள் அவள் பையில் ஸ்டவ்வை எடுத்து வைப்பதைப் பார்த்து ஆதிமூலத்தின் அண்ணன் ராமலிங்கம் வந்து நின்றார்.

"ஒரு மாசங்கூட ஆவல. ஜனங்க இன்னா பேசும்?"

"பேசட்டும் மாமா. அந்தத் தேதி மறுபடி வராது."

சென்னை பஸ்ஸில் அவளும் செல்வியும் ஒன்றை முடிவு செய்துகொண்டார்கள். அவர் செத்துப்போனதைச் சொல்ல வேண்டாம். உடம்பு சரியில்லை, அதனால் நான் வந்தேன் என்று சொல்லிவிடுவது. பணம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நீளமான மேசைக்குப் பின்னால் ஐந்து பேர் இருந்தார்கள். ஒருவருக்குத் தமிழ் தெரிந்தது. ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். வசந்தா சொல்வதை அவர் மற்றவர்களுக்கு இங்கிலீஷில் சொன்னார். அவள் ஸ்டவ்வை மேசைமேல் வைத்து, வாஷரைக் கழற்றி, மடித்துக் காட்டினாள்.

எந்தக் குளிரில் அழுத்தம் இறங்கத் தொடங்குகிறது என்று கேட்டார்கள்.

"முப்பத்தெட்டு வரைக்கும் எறங்கலங்க. நாப்பதுல, அம்பது தடவ பம்ப் அடிச்ச பிறகு முள்ளு ஒரு கோடு எறங்கும். அதோட நின்னுடும்."

கனத்தை ஏன் நடுவில் குறைத்தீர்கள் என்று கேட்டார்கள். சொன்னாள். இருபத்தாறு கலவையும் ஏன் தோற்றன என்று கேட்டார்கள். ஒவ்வொன்றாகச் சொன்னாள். காகிதம் பார்க்கவில்லை. ஐந்து பேரும் முன்னால் சாய்ந்து கேட்டார்கள்.

பிறகு தலைவர் ஏதோ கேட்டார். ஓய்வுபெற்ற அதிகாரி அதைத் தமிழில் சொன்னார். "ஆதிமூலம் ஏம்மா வரல?"

"உடம்பு சரியில்லைங்க."

தலைவரின் முகம் இளகியது. அவர் நீளமாகப் பேசினார். அதிகாரி புன்னகையோடு சொன்னார்: "கவலப்படாதீங்கம்மா. விதிப்படி முதன்மை ஆய்வாளர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். உடம்பு குணமாகட்டும், அவருக்காக வேற தேதி தர்றோம்னு சொல்றார். நல்லாப் பாத்துக்கச் சொல்றார்."

வசந்தா மேசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். செல்வி அவள் புடவையைப் பிடித்தாள்.

"எந்தத் தேதி கொடுத்தாலும் அவரு வரமாட்டாருங்க" என்றாள் வசந்தா. "இன்னியோட பத்தொம்பது நாளு ஆவுது."

அதிகாரி உடனே அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகுதான் சொன்னார். தலைவர் மனுவின் பக்கங்களைப் புரட்டி ஓரிடத்தில் நிறுத்தி அதிகாரியிடம் காட்டினார்.

"இந்தச் சோதனையெல்லாம் செஞ்சது யாரும்மா?"

"நாந்தாங்க."

"அப்போ இணை ஆய்வாளர்னு உங்க பேர ஏன் போடல? ஒருத்தர் இல்லன்னா அடுத்தவர் நடத்தலாம்னு விதி இருக்கு. இங்க 'இல்லை'ன்னு போட்டிருக்கே."

செல்விதான் பதில் சொன்னாள். "அப்பா போடத்தான் சொன்னாரு சார்."

திரும்பும் பஸ்ஸில் திண்டிவனம் வரை செல்வி அழுதாள். "ஒரு வார்த்தைம்மா. நான் அத அடிக்காம இருந்திருக்கலாம்." வசந்தா அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். "நீ அடிக்கல கண்ணு. நான்தான் அடிக்க வெச்சேன்." அவளுக்கு அழுகை வரவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போது அவருக்கு விட்டுக்கொடுப்பதாக நினைத்துச் செய்தது, அவர் போனபின் அவரையே தோற்கடித்துவிட்டதே என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மனு நிராகரிக்கப்பட்ட கடிதத்தோடு, கையால் எழுதிய சின்னத் தாள் ஒன்றும் வந்தது. ஓய்வுபெற்ற அதிகாரி தமிழில் எழுதியிருந்தார். தகுதியுள்ள ஒருவரை முதன்மை ஆய்வாளராகச் சேர்த்துக்கொண்டு அடுத்த வருடம் புதிதாக மனுப் போடுங்கள், விட்டுவிடாதீர்கள் என்று.

ஒரு என்ஜினீயரிங் காலேஜில் பேராசிரியராக இருந்த கிருஷ்ணசாமியைச் செல்வி தேடிப்பிடித்தாள். நல்ல மனிதர். பட்டறைக்கே வந்து பார்த்தார். ஆதிமூலம் சோதனைகளைக் குறித்துவைத்த நோட்டுகளை இரண்டு மணி நேரம் படித்தார்.

"முதன்மை ஆய்வாளரா நான் இருக்கேன்மா. இணை ஆய்வாளரா உங்க பேரு கண்டிப்பா இருக்கும்."

"அவரு பேரு?"

பேராசிரியர் தயங்கினார். "மனுவில இறந்தவர் பேருக்குக் கட்டம் இல்லம்மா. முன்னால நிராகரிச்ச மனுவையும் கிளற வேண்டாம்னு பாக்கறேன். முன்னுரையில ஒரு வரி எழுதிப் பாக்கறேன்."

எழுதினார். காலேஜ் நிர்வாகம் பார்த்துத் திருப்பி அனுப்பிய பிரதியில் அந்த வரி இல்லை. கையெழுத்துப் போடும் நாளில் வசந்தா செல்வியிடம் கேட்டாள், அந்த வரி இருக்கிறதா என்று. செல்வி பக்கத்தைத் தேடிவிட்டுத் தலையசைத்தாள், இல்லை என்று.

வசந்தா பேனாவைக் கையில் எடுத்தாள். போடாமல் எழுந்துவிடலாம். அந்த நோட்டுகள் பெட்டியில் கிடக்கும், அவர் பேரோடு. மேலே எவனோ ஒருவன் உடைந்த வாஷரைக் கையில் வைத்துக்கொண்டு பனியில் உட்கார்ந்திருப்பான். அவர் இருந்தால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது. பெயரை எழுத்துக் கூட்டி, இங்கிலீஷில் போட்டாள்.

நிதி வந்தது. புது அச்சு வந்தது. இரண்டாயிரத்து எட்டுக் குளிர்காலத்தில் ஆயிரம் வாஷர் மலைக்குப் போனது. அந்தக் குளிர்காலம் முடிந்து, வெயில் ஏறத் தொடங்கிய ஒரு பகலில் தபால்காரர் சிவப்பு முத்திரை வைத்த உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். பேராசிரியருக்கும் அதன் பிரதி போயிருந்தது. அவர் போன் செய்து, சோதனை முழு வெற்றி, பாராட்டுக் கடிதம், உங்களையும் என்னையும் பேர் சொல்லிப் பாராட்டியிருக்கிறார்கள் என்று சொன்னார்.

ஆயம்மா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"அண்ணன் செஞ்சதுக்குத்தான் வந்துருக்கா?"

"ஆமா."

"அண்ணன் பேரு போட்டிருக்கானா?"

வசந்தா கடிதத்தைப் பார்த்தாள்.

"போட்டிருக்கு."

"எங்க, காட்டு."

வசந்தா தன் பேர் இருந்த வரியின்மேல் விரலை வைத்தாள். ஆயம்மா குனிந்து பார்த்தாள். பிறகு அந்த இடத்தைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

"மவராசன். அவரு பேரு டெல்லி வரைக்கும் போயிடுச்சி பாரு."

வசந்தா கடிதத்தை ஆயம்மா கையில் கொடுத்துவிட்டு, பிரஸ் பக்கம் போய், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். அழுகைச் சத்தம் கேட்காமல் இருக்க மிஷினைப் போட்டாள். அவர் செத்து இத்தனை நாளில் அன்றுதான் அவள் அழுதாள்.