தட்டிப் பார்த்த சுவர்

வீடு வாங்கப் போனால் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தர்ப்பூசணியைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டு தட்டினேன். மூன்றாவது தட்டில் என் கை மணிக்கட்டுவரை சுவருக்குள் போய்விட்டது.

அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல்: "கைய ஆட்டாதீங்க. கிம்ச்சி ஊறுகாயில தூள் விழுது."

சியோலில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவன் நான். ஒரு சந்திலும் சுவரை உரசியதில்லை. ஓய்வுப் பணம் மொத்தத்தையும் இந்த மூன்றாம் மாடியில் போட்டு, ஐந்து அறை வாடகையில் நானும் மனைவியும் மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம் என்பது திட்டம். அந்தப் பணத்தை விட்டால் எங்களுக்கு வேறு பணம் கிடையாது.

"காகிதத்துல மூணு அறைதானே? கதவு எப்படி அஞ்சு?" என்றேன், கையை உருவிக்கொண்டு.

"அண்ணே, எந்த வீடு காகிதத்துல இருக்கற மாதிரி இருக்கு?" என்றாள் கூட வந்த தரகர் மா. "அடையாள அட்டையில நீங்ககூடத்தான் அழகா இருக்கீங்க."

"அறையப் பிரிக்க அனுமதி இருக்கா, இல்லியா?" என்றேன்.

"வெளிச்சத்தப் பாருங்க. தெக்கு பார்த்த வீடு," என்றார் வீட்டுக்காரர் பியோன்.

மன்னிப்புக் கேட்கப் பக்கத்து அறைக்குப் போனேன். கதவைத் தட்டப் பயந்து, இருமினேன். கும்-ஓக் என்ற ஐம்பது வயதுக்காரி கையில் சாப்பாட்டுக் குச்சிகளோடு திறந்தாள். கட்டில், அதை ஒட்டிப் பாத்திரம் கழுவும் தொட்டி. ஒரே ஜன்னலைச் சுவர் நடுவில் வெட்டியிருந்தது. பாதி இவளுக்கு, பாதி அடுத்த அறைக்கு.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. இந்த அறைக்கு அனுமதி..."

"வாயத் தெறந்தே, நாளைக்கே காலி பண்ணிடு," என்றார் பியோன் என் தோளுக்குப் பின்னாலிருந்து.

அவள் என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள்.

"வட்டார அலுவலகத்து ஆளுங்க சோதனைக்கு வந்தப்ப, தனிக் குடித்தனம்னு தெரியக் கூடாதுன்னு இந்தத் தொட்டியக் கழட்டி என் போர்வைக்குள்ள ஒளிச்சது யாரு? அதக் கட்டிப் புடிச்சுக்கிட்டுப் படுத்தேனே! காய்ச்சல்னு சொல்ல அன்னிக்கு மட்டும் என் வாய் வேண்டியிருந்துச்சா?"

தரகர் மா தன் கைப்பேசியில் ஏதோ அவசரமாகத் தேடினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் பணம் நினைவுக்கு வந்ததும் நின்றது.

"அப்ப வாங்கலாமா, வேணாமா? நீங்களாவது சொல்லுங்க," என்றேன் கும்-ஓக்கிடம்.

"அனுமதி கெடையாது அண்ணே. இடிக்கச் சொல்லி ரெண்டு தடவ உத்தரவு வந்தாச்சு. வருஷா வருஷம் அபராதம் வேற. வாங்கினா எல்லாம் உங்க தலையில. இடிச்சா எனக்கு வீடில்ல. வாங்காதீங்க. அதையும் மீறி வாங்கினா, நான் நகர மாட்டேன்."

வாசலில் கிடந்த தன் செருப்புகளைக் காலால் நேராக்கி, நிலைப்படிக்கு நட்டநடுவில் வைத்தாள்.