பூட்டிய பின் போட்ட அணி

ஜஹாங்கீர் மாமா ஒரு சொல் சொல்லிவிட்டால் பிறகு அவரே நினைத்தாலும் அதை மாற்ற முடியாது. தாராவியில் பர்ஸும் பெல்ட்டும் தைக்கிற அவருடைய பட்டறைப் பக்கம் போய் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த மனுஷர்தான் போன ஆகஸ்ட்டில் உஸாமாவை வாசலிலேயே நிறுத்திவைத்துச் சொன்னார்:

"நோன்புப் பெருநாளைக்குள்ள ஹலாலா ஒரு தந்தா, ஒரு தொழில் காட்டு. இல்லேன்னா மேலப்பாளையத்துல துபாய் மாப்பிள்ளை ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கான். எம் மவ சஃப்ரீனை அங்க குடுத்துருவேன்."

ஏற்கெனவே பேசி முடித்த கல்யாணம் அது. உஸாமாவுக்குச் செம்பூரில் வேலை. ஆட்டத்துக்கு ஆட்டம் பதினோரு ஆட்டக்காரர்களைப் பொறுக்கி அணி போட்டு, பணம் கட்டி ஆடும் கிரிக்கெட் போட்டி நடத்துகிற கம்பெனி. தோற்றவர்கள் போனில் திட்டுவார்கள்; பொறுமையாகக் கேட்டுக்கொள்வதுதான் அவன் உத்தியோகம். பெண் கேட்கப் போனபோது வீட்டார் அதை 'கம்ப்யூட்டர் கம்பெனி' என்று சொல்லிவைத்திருந்தார்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாதென்று சட்டம் வந்ததும், கம்பெனி ஷட்டரை இறக்கிவிட்டு ஓடிவிட்டது. டீவியில் செய்தி பார்த்த பிறகுதான் மாமாவுக்கு, தன் வருங்கால மருமகன் எந்த வருமானத்தில் சம்பளம் வாங்கினான் என்பதே தெரிந்தது. அன்றோடு 'மாப்ளே' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். அதன் பிறகு எல்லாம் "ஏய்", "இங்க பாருப்பா"தான்.

பாவம், உஸாமா ஏறாத படி இல்லை. மாட்டுங்காவிலிருந்து டிராம்பே வரை வேலை கேட்டு அலைந்தான். எங்கே போனாலும் முந்தைய கம்பெனியின் பெயரைக் கேட்டதும் ஒரு இளிப்பு, அப்புறம் "சொல்லி அனுப்புகிறோம்". அவனுக்குத் தெரிந்த தொழிலோ ஒன்றே ஒன்று. அதற்கும் சட்டம் தாழ்ப்பாள் போட்டாயிற்று. சஃப்ரீன் இல்லாமல் போனால் என்ன ஆவோம் என்று நினைத்து நினைத்தே மறுநாளும் படியேறினான்.

பள்ளிக்கூடத்துச் சேக்காளி காலித்தான் ஒரு நாள் கேட்டான். "காசு வாங்குனாத்தானடா தப்பு? ஃபோகட்ல, சும்மாவே ஆட விடு. பரிசைக் கடைக்காரன் குடுக்கட்டும். அவனுக்கு விளம்பரம், நமக்குக் கமிஷன்."

அப்படிப் பிறந்ததுதான் 'நம்ம பதினொண்ணு'. செயலியைக் காலித் எழுதினான். யாரும் ஒரு பைசா கட்ட வேண்டாம். ஆட்டம் தொடங்குகிற நேரத்துக்குப் போட்டி பூட்டிக்கொள்ளும். அதற்குமேல் அணியில் கை வைக்க முடியாது. எடுத்த ரன்னுக்கும் வீழ்த்திய விக்கெட்டுக்கும் புள்ளி. யாருடைய அணிக்குப் புள்ளி அதிகமோ அவருக்குப் பரிசு. ஜனங்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று உஸாமாவே ஒரு யோசனை சொன்னான்: ஒவ்வொரு அணிக்குக் கீழேயும் அதைப் போட்ட நேரம் எல்லோருக்கும் தெரிய வேண்டும். நல்ல யோசனைதான். அதுவே தன் கழுத்துக்கு வரும் என்று அவன் கண்டானா!

மாமா பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் விசாரித்தார். காசு கட்டாவிட்டால் சூதில்லை என்று பதில் வந்தது. "ஒரு போட்டி ஒழுங்கா நடத்திக் காட்டு, பாப்போம்" என்றார்.

தையல் மெஷின் விற்கிற ஷேக் பரீத் பரிசுக்கு ஒரு மெஷின் தர ஒப்புக்கொண்டார். தோல் தைக்கிற கனத்த மெஷின். "லஃப்டா இல்லாம முடிஞ்சா சீசன் முழுக்க என் கடை விளம்பரம்தான். மத்த கடைக்காரங்களையும் கூட்டிட்டு வாரேன். சண்டை சச்சரவுன்னு வந்துச்சோ, என் வாசப்படி மிதிக்காத" என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

நோன்பு மாதத்தில் உலகக் கோப்பை வந்தது. இந்தியா ஆடுகிற நாள், ஆட்டம் ஏழு மணிக்கு. உஸாமா எதிர்பார்த்ததைவிட இரண்டு பங்கு கூட்டம். தாராவி, செம்பூர், தேவ்நார் என்று எங்கிருந்தெல்லாமோ அணிகள் வந்து குவிந்தன. காலித்தின் ஒற்றையறை வீட்டில் இருவரும் நோன்பு திறந்து, தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். ஏழடித்தது, போட்டி பூட்டிக்கொண்டது. உஸாமாவுக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

முதல் ஓவர் முடிந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"மாப்ளே!"

ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தை. உஸாமா எழுந்தே நின்றுவிட்டான்.

"என்ன மாப்ளே, நான் தொழுதுட்டு வாரதுக்குள்ள பூட்டிட்டிய? நோன்பாளி நோன்பு திறக்க வேணாமா? இந்தா, என் டீமைச் சொல்லுதேன், எழுதிக்க."

"மாமா, அது வந்து... ஆட்டம் ஆரம்பிச்சிருச்சு."

"ஆரம்பிச்சா என்ன, இப்பத்தான ஆரம்பிச்சிருக்கு? முத ஓவர்தான முடிஞ்சிருக்கு? அந்த ஓபனிங் பய வேணாம், அவந்தான் அவுட்டாயிட்டான். அவனை எடுத்தான்லா, அந்த பவுலரைக் கேப்டனாப் போடு."

ஏமாற்ற வேண்டும் என்று மாமா நினைக்கவே இல்லை. அவுட்டானவனை எதற்குச் சேர்ப்பது என்று அவர் நியாயமாகத்தான் கேட்டார். காலித் பக்கத்திலிருந்து கையை ஆட்டினான். "வேணாம்டா. ஒருத்தருக்குத் திறந்தா அதுக்குப் பேரு பூட்டா?"

முகதாட்சண்யம் என்று ஒன்று இருக்கிறதே, அது ஆளைக் கவிழ்க்காமல் விடாது. மாமனாராகப் போகிறவர், ஆறு மாதம் கழித்து வாய் நிறைய 'மாப்ளே' என்கிறார், அவர் முகத்தில் அடித்தாற்போல் எப்படி மறுப்பது? இத்தனை பேரில் மாமாவா முதலில் வரப்போகிறார் என்று தன்னையே தேற்றிக்கொண்டு, உள்வழியாகத் திறந்து, அவர் சொன்ன பதினோரு பெயரையும் உஸாமா போட்டான்.

வந்தாரே! அவர்தான் முதலில் வந்தார்.

விடிவதற்குள் ஊரெல்லாம் வாட்ஸப்பில் முடிவுப் பட்டியலின் படம் சுற்றியது. முதலிடம் ஜஹாங்கீர், கீழே, போட்ட நேரம் ஏழு மணி ஆறு நிமிடம். யாரோ குரல் பதிவும் போட்டிருந்தான்: "மாமனாருக்கு மெஷின், மருமவனுக்குப் பொண்ணு! நாம எல்லாரும் கையத் தட்டிட்டுப் போவோம்!" ஷேக் பரீத் போனில் கத்தவில்லை. "இன்னைக்குச் சாயங்கால அஸர் தொழுகைக்குள்ள தீத்து வை. இல்லேன்னா மெஷினும் கிடையாது, நானும் கிடையாது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

உஸாமாவுக்கு வேறு வழியில்லை. மாமாவுக்குப் போன் அடித்தான்.

"மாமா, உங்க டீமை எடுக்கப் போறேன். பூட்டுன பிறகு திறந்தது என் தப்பு. அப்படித்தான் எல்லாருக்கும் எழுதப் போறேன்."

அந்தப் பக்கம் லைன் துண்டிக்கப்பட்டது. கல்யாணம் போயிற்று என்றே உஸாமா நினைத்தான். ஆனாலும் மாமாவின் பெயரை அழித்தான்.

அழித்ததும் இரண்டாமிடம் மேலே ஏறி வந்தது. சஃப்ரீன் ஜே.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். அவள் ஆடியது அவனுக்குத் தெரியவே தெரியாது. போட்ட நேரம் மாலை நான்கு மணி. வேறு யாரும் சீந்தாத ஒரு சுழற்பந்துக்காரனைக் கேப்டனாக வைத்திருந்தாள். அவன் நான்கு விக்கெட் எடுத்திருந்தான். கிரிக்கெட்டை அவ்வளவு கூர்ந்து பார்க்கிறவள். அதோடு இன்னொன்றும் உஸாமாவுக்கு ஞாபகம் வந்தது. அவள் வாப்பாவின் பட்டறையில் பெண்களுக்கு நூல் வெட்டுகிற வேலை, பசை தடவுகிற வேலை மட்டும்தான். மெஷினில் ஆண்கள்தான் உட்காருவார்கள். "எனக்குன்னு ஒரு மெஷின் இருந்தா மச்சான், நான் யாரையும் எதுவும் கேக்க மாட்டேன்" என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

"தூக்கு, அவளையும் தூக்குடா" என்றான் காலித். "வாப்பா பேரை அழிச்சிட்டு மவளுக்குக் குடுத்தா எவன் நம்புவான்? எல்லாம் குளோஸ்."

உஸாமா அவளைக் கூப்பிட்டான். அவள் குரலில் சிரிப்பு இருந்தது. விஷயம் அதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மச்சான், நான்தான ஃபர்ஸ்ட்டு?"

"சஃப்ரீன்... விட்டுக் குடுத்துரு. உன் காலைப் பிடிச்சுக் கேக்கேன். நீ ஜெயிச்சேன்னா ஜனங்க நம்ப மாட்டாங்க. இந்தத் தொழில் போச்சுன்னா நம்ம கல்யாணமும் போச்சு. அப்புறமா நானே உனக்கு ஒரு மெஷின் வாங்கித் தாரேன்."

சிரிப்பு நின்றுபோனது. "நீங்க வாங்கித் தந்தா அது நீங்க தந்த மெஷின். இது நான் ஜெயிச்சது." அவள் விடவில்லை. "வாப்பா கேட்ட உடனே பூட்டின போட்டியைத் திறந்தீங்க. நான் நேரத்துக்குப் போட்டவ. என்னைய எதுக்கு மச்சான் வெளியேத்துதீங்க?"

"வேற வழி இல்லம்மா" என்றான் உஸாமா.

"எடுத்துக்கோங்க. ஆனா நானா விலகிட்டேன்னு மட்டும் எழுதாதீங்க. நீங்க நீக்குனீங்க. அப்படியே எழுதுங்க."

சரி என்று சொல்லிவிட்டுத்தான் அவன் எழுத உட்கார்ந்தான். 'நீக்கப்பட்டார்' என்று எழுதினால் ஏன் என்று கேட்பார்களே? அதற்கு ஒரு பதில், அந்தப் பதிலுக்கு ஒரு கேள்வி. அஸருக்குப் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. உஸாமா எழுதினான்: 'அடுத்த இடம் பெற்ற சஃப்ரீன், நிர்வாகியின் உறவினர் என்பதால், தானாக விலகிக்கொண்டார்.'

அந்த ஒரு வரியில் ஊரே மாறிப்போனது. மெஷின் மூன்றாமிடத்துக்குப் போனது: தேவ்நாரில் டெம்போ ஓட்டுகிற பூலோகம் என்கிற மனிதர், யாருக்கும் மாமனுமில்லை மச்சானுமில்லை. டெம்போவிலேயே ஷேக் பரீத் கடைக்கு வந்து மெஷினை ஏற்றிக்கொண்டு போனார். "மாமனார்னுகூடப் பாக்காம அழிச்சான் பாருங்க!" என்று, காலையில் திட்டிய அதே வாய்கள் மெச்சின. ஷேக் பரீத் சீசன் முழுக்கத் தன் கடை விளம்பரம்தான் என்று எல்லோர் முன்னாலும் கைகொடுத்தார்.

கூட்டம் கலையும்போது ஜஹாங்கீர் மாமா வந்தார். உஸாமா தலையைக் குனிந்துகொண்டான். மாமா அவனை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"எம் பேரையே அழிச்சிட்டியேன்னு முதல்ல கோவம் வந்துச்சு மாப்ளே. அப்புறம் யோசிச்சேன். எனக்கே பயப்படாதவன் நேர்மையாத்தான் பொழைப்பான். எம் மவளும் உனக்காக எப்படி விட்டுக் குடுத்தா பாத்தியா! வா, நோன்பு நம்ம வீட்டுல திறக்கலாம். பெருநாளைக்கு மறுநாளே நிக்காஹ்."

நோன்பு திறந்து, தொழுகையும் முடிந்தது. மாமா எழுந்தார். "பொண்ணுகிட்ட சம்மதம் கேக்கணும்லா? முறைன்னு ஒண்ணு இருக்கே. ஒரு நிமிஷம்" என்று சிரித்துக்கொண்டே திரையை விலக்கி உள்ளே போனார்.

ஒரு நிமிஷம் என்றவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. ஒன்றும் விளங்காதவர் போல் நின்றார்.

"மாட்டேங்கா மாப்ளே."

உஸாமா பாயிலிருந்து எழுந்துவிட்டான்.

"ஏம்மான்னா காரணம் சொல்ல மாட்டேங்கா. ஊருக்கு என்ன சொல்லன்னு கேட்டேன். 'தானாக விலகிக்கொண்டார்னு எழுதச் சொல்லுங்க வாப்பா, அவருக்கு நல்லா எழுத வரும்'ங்கா. என்னப்பா இது? உனக்கு ஏதாவது விளங்குதா?"

உஸாமாவின் சட்டைப்பையில் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அடுத்த ஆட்டத்துக்கு அணிகள் வந்துகொண்டிருந்தன.