இடது முழங்கால்

இன்றைக்கு விட்டுக்கொடுத்து ஆடக் கூடாது என்று மெரிடித் துரை முதலிலேயே சொல்லிவிட்டார். ராசிக் தலையாட்டினான். டெனிஸ் மட்டையைப் பிடித்த கைதான் நம்பவில்லை.

கொள்ளுப்பிட்டியில் அந்த வெள்ளைக்காரக் கிளப்பில் பதினாறு வருஷமாக அவன் மார்க்கர். கூட ஆட ஆள் அகப்படாத துரைமாருக்கு எதிர்ப்பக்கம் நின்று ஆடிக்கொடுப்பது உத்தியோகம். வெல்வது அதில் சேர்த்தி இல்லை. யாருக்கு எந்தப் பக்கம் கை வருமோ, பந்தை அங்கேயே அனுப்ப வேண்டும். அத்தனை பேருடைய பலவீனமும் அவனுக்கு அத்துப்படி. அதைச் சொல்லிச் சிரிக்க ஓர் ஆள் இல்லை. கொட்டாஞ்சேனை வீட்டில் டெனிஸ் என்றால் வெயிலில் ஓடுகிற வேலை, அவ்வளவுதான்.

அன்றுதான் அவன் தன் புத்திக்கு ஆடினான். துரை எல்லைக் கோட்டை உரசிப் பந்தைப் போடப் பார்த்தார். பாதிப் பந்து வெளியே விழுந்தது. ராசிக் கோட்டுக்கு ஆசைப்படவில்லை. வலை தாழ்ந்திருக்கும் நடுவுக்கு மேலால், குறுக்காக, கோட்டுக்கு இரண்டு முழம் உள்ளே. துரையின் இடப்பக்கம் ஒன்று, இன்னுமொன்று, திரும்பவும் ஒன்று. அவர் அங்கேயே சாய்ந்து நின்றதும், வெறிச்சோடிக் கிடந்த மறுபக்கம் மெல்ல ஒன்று. ஆறுக்கு இரண்டு என்று ராசிக் வென்றான். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மனிதரோடு வாய்விட்டுக் கதைத்த மாதிரி இருந்தது அவனுக்கு.

துரை வியர்வையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இங்கிலீஷில், குரலைத் தாழ்த்தி, "உன்னை வெல்வதென்றால் நான் எங்கே அடிக்க வேண்டும்?" என்று கேட்டார்.

அப்படி ஒரு கேள்வியை யாரும் அவனிடம் கேட்டதில்லை. ஏழு வருஷத்துக்கு முன் மழை ஈரத்தில் விழுந்து கெட்டது அவனுடைய இடது முழங்கால். கிளப் செக்ரட்டரி அறிந்தால் வேலை போய்விடும். மனைவி ஜவாஹிறாவிடம்கூட அவன் சொல்லவில்லை.

"இடப்பக்கம், வலைக்குக் கிட்ட சின்னதாப் போடுங்க துரை. நான் ஓடி வந்து நிக்கிற நேரம் தலைக்கு மேலால அனுப்புங்க. இந்தக் கால் திரும்பாது."

துரை கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வேறெங்கும் அவர் அடிக்கவே இல்லை. சின்னதாக ஒன்று, தலைக்கு மேலால் ஒன்று. மூன்றாவது ஆட்டத்துக்குள் முழங்காலில் நெருப்புப் பற்றியது. அவர் கொஞ்சம் நிறுத்துவார் என்று ராசிக் ஒவ்வொரு பந்துக்கும் காத்திருந்தான். கடைசிப் பந்துக்கு விழுந்தே போனான். துரை சிரித்த முகத்தோடு கைகொடுத்துத் தூக்கிவிட்டார். "அருமையான யோசனை," என்றார். விறாந்தையில் இருந்த சிநேகிதர்களிடம் போய், மார்க்கரையே வென்றுவிட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் ராசிக்கைக் கூப்பிடவில்லை. ஆடுவதற்குச் சரிசமமானவர்கள் கிடைத்துவிட்டார்கள்.

விழுந்த அன்று மாலை, வீட்டில் நொண்டாமல் நடக்கத்தான் பார்த்தான். ஜவாஹிறா கண்டுவிட்டாள். எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் குந்தினாள்.

"எந்தக் கால் நோவுது?"

அவன் வலது காலை நீட்டினான்.

அவள் இரண்டு கையாலும் அந்த முழங்காலைப் பிடித்து, நோகாமல், பக்குவமாகத் தேய்க்கத் தொடங்கினாள். "இங்கதானே?" என்றாள்.

"ஓம், அங்கதான்," என்றான். உடுத்திருந்த சாரத்துக்குள்ளே மற்றக் கால் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது.