அம்சவேணி பெயரில் ஒரு சேவல்

வெள்ளிக்கிழமை சாயங்காலம், நெரிசலான பஸ்ஸில் நின்றபடியே தில்லி ஆர்.கே.புரம் வந்து இறங்கிய அம்சவேணிக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. காலை நீட்டி உட்கார்ந்து ஒரு டம்ளர் காபி. கதவைத் திறந்த கணவர் ராஜசேகரனின் முகத்தைப் பார்த்ததுமே அந்த ஆசை போய்விட்டது. பட்டாளத்தில் இருபத்தி நாலு வருஷம் குப்பை கொட்டிய மனுஷன், தப்பு செய்துவிட்டால் மட்டும் வீட்டிலும் அட்டென்ஷனில்தான் நிற்பார்.

"கோவப்படாத அம்சா. வெள்ளையன் கழுத்துல பொட்டைக்கோழி ஒண்ணு கொத்திடுச்சி. ரத்தம் வந்துச்சா, மஞ்சளக் கொழச்சி வெச்சேன்."

"எங்க வெச்சீங்க?"

"கழுத்துலதான். கொஞ்சம் மாருக்கு வழிஞ்சிடுச்சி. அத எடுக்கலாமேன்னு துணி சோப்பு போட்டேன்..."

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்கட்டுக்கு ஓடினாள். ஐயோ, என்னவென்று சொல்ல! முந்தின நாள்தான் பேபி ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி, ஹேர் டிரையரால் ஒரு மணி நேரம் உலர்த்தி, பஞ்சு மூட்டையாக விட்டிருந்த சேவல். இப்போது ஆரத்தித் தண்ணீரைத் தலையில் கொட்டினாற்போல் கழுத்தும் மார்பும் செக்கச்சிவக்க நின்றது. மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும் என்பது சமையல்கட்டில் ஒரு நாள் நின்றவளுக்குத் தெரியும். ராஜசேகரன் ஒரு நாளும் நின்றதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோழி ஷோ, அழகுப் போட்டி.

வெள்ளையன் கொச்சின் ஜாதி. பெயர்தான் கொச்சின், அந்த ஊருக்கும் இந்தக் கோழிக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. பூர்வீகம் சீனா என்கிறார்கள். உடம்பெல்லாம் புசுபுசுவென்று இறகு, கால் விரல்வரை இறகு. அந்தக் கால் இறகு அழுக்காகாமல் இருக்க அவள் தினமும் விடியற்காலையில் எழுந்து கூண்டில் மரத்தூள் மாற்ற வேண்டும். தீனியில் மக்காச்சோளம் சேர்ந்தால் வெள்ளை மங்கும் என்று அதைப் பொறுக்கிப் போட வேண்டும். வெயில் பட்டால் பழுப்பேறும் என்று வருஷம் முழுக்கப் பச்சை வலை கட்டி நிழலில் வைக்க வேண்டும். பிறகு சமைத்து, ஒன்பது மணிக்கு ஆபீஸ். ஐம்பத்தாறு வயதில் முட்டி இரண்டும் கெஞ்சின.

குஞ்சாக வாங்கி வந்தது ராஜசேகரன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஷோவுக்குக் கூண்டைத் தூக்கிப் போனதும் அவர்தான். மூன்று வருஷம் மூன்று கோப்பை. ஹாலில் மாட்டியிருந்த மூன்று போட்டோவிலும் மாலையும் கழுத்துமாக அவர், பக்கத்தில் சேவல். படம் எடுத்தவள் அம்சவேணி. அந்தக் குவார்ட்டர்ஸ்கூட அவள் உத்தியோகத்துக்குக் கிடைத்தது, வாசல் பலகையிலோ 'ஹவில்தார் ராஜசேகரன் (ஓய்வு)' என்றிருந்தது. இதையெல்லாம் அவள் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இந்த வருஷம் மட்டும், ஷோ விண்ணப்பம் வந்தபோது, உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். விஷயம் தெரிந்ததும் அவர், "அச்சா, யார் பேர்ல போனா என்ன" என்று சிரித்துவிட்டார். அவளுக்கு அது என்ன என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

எலுமிச்சம்பழம் பிழிந்து தடவினாள். சிவப்பு இறங்கி மறுபடி மஞ்சளாயிற்று. தேய்த்ததில் வெளியிறகு வெளுத்தது, அடியிறகில் தங்கிய மஞ்சள் எதற்கும் அசையவில்லை.

"வெயில்ல காட்டினா ரெண்டு மணி நேரத்துல போயிடும். நான் கட்டின சேலையில எத்தனை மஞ்சள் போயிருக்கு," என்றாள்.

"அவ்ளோதானே! நாளைக்குக் காட்டிட்டாப் போச்சு."

வாஸ்தவம்தான். ஆனால் ஜனவரி தில்லியில் வெயிலுக்கு எங்கே போவது? சனிக்கிழமை விடிந்ததே தெரியவில்லை. எதிர் பிளாக்கே பனிமூட்டத்தில் காணாமல் போயிருந்தது. வருஷமெல்லாம் வெயிலுக்கு ஒளித்து வளர்த்தவனை மடியில் வைத்துக்கொண்டு, சால்வையைப் போர்த்தி, பிளாஸ்டிக் நாற்காலியில் நாள் முழுக்க வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது. அழவும் தெம்பில்லை.

"இறகுக்கு அடியிலதான இருக்கு, எவன் பாக்கப் போறான்," என்றார் ராஜசேகரன். நாலைந்து முறை கடையில் டீ வாங்கிவந்து கொடுத்தார், பாவம்.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் காலையில் எப்படியும் சூரியன் வரும் என்று ஒரு நப்பாசை. அதைவிட, கூண்டில் அச்சடித்த அட்டை கட்டியிருப்பார்களே, அதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

நஜஃப்கர் பக்கத்து மைதானத்தில் ஷாமியானாப் பந்தல் போட்டிருந்தார்கள். பனி அப்படியேதான் இருந்தது. நாற்பத்தொன்றாம் நம்பர் கூண்டில் அட்டை தொங்கியது. 'கொச்சின், வெள்ளை, சேவல். உரிமையாளர்: ஆர். அம்சவேணி.' இரண்டு தரம் படித்தாள். வெள்ளையனின் கொண்டையில் துளி வாசலின் தடவிவிட்டு ஓரமாக நின்றாள்.

நடுவர் ஹரிஷங்கர், வெள்ளை மீசைக்காரர், வெள்ளையனை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தார். கொண்டையின் ஐந்து முனையையும் எண்ணினார். கால் இறகை விரித்துப் பார்த்து, "வாஹ்" என்றார். பிறகு கழுத்து இறகை ஊதி விலக்கினார். பஞ்சை நனைத்துத் தேய்த்தார். பஞ்சு மஞ்சளாயிற்று.

மஞ்சளா என்ற பொருளில் "ஹல்தி?" என்றார், வருத்தமாகத்தான். மருந்தோ சாயமோ, இறகில் நிறம் இருந்தால் போட்டியிலிருந்து நீக்கம். உரிமையாளர் அடுத்த வருஷமும் கலந்துகொள்ள முடியாது. அதுதான் கிளப் விதி.

"சேவல் யாரோடது?" என்று ஹிந்தியில் கேட்டார்.

ராஜசேகரன் சட்டென்று முன்னால் வந்துவிட்டார். "சாப், முர்கா மேரா ஹை," என்றார். சேவல் என்னுடையது, வளர்த்தது செய்தது எல்லாம் நான்தான், அட்டையில் சும்மா பேருக்குத்தான் வீட்டுக்காரி பெயர், தண்டனையை எனக்கே கொடுங்கள் என்று விறைப்பாக நின்று ஹிந்தியில் பொழிந்தார். பெண்டாட்டியைக் காப்பாற்றுகிறாராம்.

அம்சவேணிக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. இரண்டு நாளாக வராத தெம்பு எங்கிருந்தோ வந்தது.

"நஹீ சாப்," என்று அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "முர்கா மேரா. குஞ்சிலிருந்து வளர்த்தது நான். அட்டையில் என் பெயர்தான் இருக்கிறது. எதை எழுதினாலும் அதில் எழுதுங்கள்." உடைந்த ஹிந்திதான், ஆனால் சத்தமாக வந்தது.

ஹரிஷங்கர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அட்டையில் அவள் பெயருக்குக் கீழே சிவப்பு மையில், 'நீக்கம். நிறம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை அவள் லீவு போட்டாள். பத்து மணிக்கு, சொல்லிவைத்தாற்போல், பளீரென்று வெயில் அடித்தது. வெள்ளையன் மடியில் கிடந்தான். பதினோரு மணிக்கு மஞ்சள் வெளிறியது. பன்னிரண்டுக்கு எங்கே இருந்ததென்றே தெரியவில்லை.

"ஹூம். ஒரு நாள் முன்னாடி வந்து தொலைச்சிருக்கக் கூடாதா," என்றார் ராஜசேகரன். "விடு அம்சா. அடுத்த வருஷம் பழையபடி என் பேர்லயே போட்டுக்கலாம்."

"வேணாம். அடுத்த வருஷம் சும்மா இருக்கட்டும். அதுக்கு அடுத்த வருஷம் நான் போட்டுக்கறேன்."

கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். "இத ஹால்ல மாட்டுங்க. உங்க போட்டோ பக்கத்துல."

"இதையா? சிவப்பு மையில எழுதியிருக்கேடீ, பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"என்னவோ நெனச்சிக்கட்டும். இந்த வீட்டுச் சுவத்துல என் பேரு வேற எங்க இருக்கு, காட்டுங்க பாக்கலாம்."

அவர் உள்ளே போய்ச் சுத்தியலைத் தேடினார். ஆணி அடிக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது, அம்சவேணி சேவலை அணைத்தபடி நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தாள்.